நானே கேட்டாலும் சொல்லாதே

என் அண்ணன் சாவி வெட்டும் கடை வைத்திருக்கிறான். எதை வேண்டுமானாலும் பூட்டத் தெரிந்தவன், தன் வாயைத் தவிர. நல்ல செய்தி ஒன்று அவன் காதில் விழுந்தால் போதும், அடுத்த நிமிடமே பக்கத்துத் தையல்காரர் கடையைத் தாண்டித் தெருமுனைக்குப் போய்விடும். சந்தோஷத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத ஜென்மம்.

அண்ணி இதில் நன்றாகவே சூடுபட்டிருக்கிறாள். இயந்திரவியல் படிக்க வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முந்தியே அவளுக்கு இருந்த ஆசை. இரண்டு தடவை மாலை வகுப்பில் சேர்ந்தாள். முதல் தடவை பெரியவன் வயிற்றில் வந்தான். அடுத்த தடவை எங்கள் அப்பா படுக்கையில் விழுந்தார். இரண்டு தடவையும் படிப்பு பாதியில் நின்றது. நின்றதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். கடைக்கு வந்தவன் போனவன் எல்லாம், "என்னம்மா, இஞ்சினியர் ஆயிட்டீங்களா?" என்று கேட்டதைத்தான் தாங்க முடியவில்லை. அத்தனை பேரிடமும் அண்ணன் பெருமையடித்து வைத்திருந்தான்.

அதனால் இந்தத் தடவை அவள் மூச்சே விடவில்லை. விண்ணப்பம் போட்டாள், நுழைவுத்தேர்வு எழுதினாள், இடமும் கிடைத்துவிட்டது. அதன் பிறகுதான் சொன்னாள், அதுவும் என்னிடம் மட்டும். காரணம், அவளுக்கு இடம் கிடைத்த பல்கலைக்கழகத்தின் கணினி உதவி மையத்தில்தான் எனக்கு வேலை. இணையதளத்துக்குள் போய், இடத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் அழுத்தாவிட்டால் அந்த இடம் காத்திருக்கும் வேறு ஒருவருக்குப் போய்விடும். தைரியத்தைத் திரட்டிக்கொண்டு அண்ணி எங்கள் மையத்துக்கு வந்தபோது அந்தக் கடைசி நாளின் நாலு மணியும் தாண்டிவிட்டது.

"அழுத்தின கையோட உங்க அண்ணன்கிட்ட சொல்லிடறேன்" என்றாள், மடிக்கணினியைப் பையிலிருந்து எடுத்தபடி. "கைக்கு வந்த பிறகு சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க பாரு."

எங்கள் மையம் நூலகத்துக்கு அடியில் இருக்கும் ஜன்னல் இல்லாத அறை. ஒரு நீள மேசை, கால் ஆடும் நாற்காலிகள், டோக்கன் எண் காட்டும் பலகை. வருகிறவர்களில் பாதிப் பேர் ஓடிபிக்காகத்தான் வருவார்கள். கடவுச்சொல் போட்டால் மட்டும் போதாது, கைப்பேசிக்கு வரும் எண்ணையும் போட வேண்டும் என்று பல்கலைக்கழகம் கொண்டுவந்த நாளிலிருந்து என்னைத் திட்டாத பேராசிரியர் இல்லை. "என் மேலேயே உங்களுக்கு நம்பிக்கை இல்லையா?" என்று ஒரு வேதியியல்காரர் குதித்தார். "இல்லை சார்" என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி.

அண்ணி கடவுச்சொல்லைப் போட்டாள். உங்கள் கைப்பேசிக்கு எண் அனுப்பப்பட்டது என்று திரை சொன்னது. இரண்டு பேரும் மேசைமேல் கிடந்த அவள் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது கல்லு மாதிரி கிடந்தது. மறுபடி அனுப்பச் சொன்னோம். அப்போதும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் திரையில் எந்த எண்ணுக்குப் போகிறது என்று குனிந்து பார்த்தேன்.

"அண்ணி, கடைசில இருக்கற இந்த ரெண்டு நம்பர் யாரோடது?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. "அய்யோ. அவரோடது."

கல்யாணம் ஆனதிலிருந்து பள்ளிக்கூடம், வங்கி, மருத்துவமனை என்று எங்கே தொலைபேசி எண் கேட்டாலும் அண்ணியின் கை தானாக அண்ணன் எண்ணைத்தான் எழுதும். அவனுக்குத் தெரியாமல் போட்ட விண்ணப்பத்திலும் அதையே எழுதியிருக்கிறாள்! எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பும் வந்துவிட்டது.

எண்ணை மாற்றித் தரலாம். ஆனால் தன் சொந்தக்காரர் கணக்கை ஊழியர் தொடக்கூடாது. மேலாளரிடம் போய் நின்றேன். "நான் மாத்தித் தரலாம்மா. ஆனா அடையாளம் சரிபாத்து மாத்த ரெண்டு வேலை நாள் ஆகுமே. இந்த விதியை எழுதிக் குடுத்ததே நீங்கதானே?" என்றார். ஆமாம், நான்தான். அதை அவருக்கு வேண்டுமென்றே கடுமையாக எழுதிக் கொடுத்து, பாராட்டும் வாங்கியிருந்தேன்.

சரி, அண்ணனிடமே நைசாகக் கேட்டு வாங்கிவிடலாம் என்று கைப்பேசியை எடுத்தேன்.

"அண்ணா, உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு. அதைக் கொஞ்சம் சொல்லேன்."

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த சாவி வெட்டும் இயந்திரம் நின்றது.

"யாரு பேசறது?"

"யாருன்னா என்ன அர்த்தம்? உன் தங்கச்சி. என் பேர் வரலையா போன்ல?"

"பேரெல்லாம் வருது. பேரை எவன் வேணா வர வைக்கலாமாம். குரலைக்கூட அச்சு அசலா கொண்டு வந்துடறாங்களாம். என் தங்கச்சிதான் சொன்னா."

சொன்னேன். போன மாதம் அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் சொன்னேன். ஓடிபி எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதே, காவல்துறை என்று சொன்னாலும் சொல்லாதே, நானே கேட்டாலும் சொல்லாதே என்று மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னேன். அவன் அதை அப்படியே ஓர் அட்டையில் எழுதிக் கடையில் ஒட்டி வைத்தான். என் பேச்சை அவன் வாழ்நாளில் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"சரி, வேணும்னா எதாவது கேட்டு சோதிச்சுக்கோ" என்றேன்.

"சின்ன வயசுல என் தங்கச்சி எதுக்குள்ள மாட்டிக்கிட்டா?"

"துணி பீரோவுக்குள்ள. வெளிய பூட்டினதே நீதான்டா தடியா!"

"சரிதான். ஆனா அதைத்தான் கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் நான் சொல்லியிருக்கேனே. அது கணக்குல வராது."

"அண்ணா, நானேதான் கேக்கறேன்!"

"அவளே கேட்டாலும் சொல்லாதேன்னு சொன்னதே அவதான்! பல்கலைக்கழகம்னு போட்டு மெசேஜ் வருது, எனக்குப் புரியாதா? என் தங்கச்சி வேலைக்கு உலை வைக்கப் பாக்கறியா நீ? போனை அணைச்சு இரும்புப் பெட்டில போட்டுப் பூட்டறேன். நீ என்ன பண்றேன்னு பாக்கறேன்."

அழைப்பு துண்டானது. மறுபடி கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து மேசையில் தொலைபேசி அடித்தது. எடுத்துப் பேசிய பையன் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினான். "அக்கா, யாரோ ஒரு சாவிக்கடைக்காரர், தையல்காரர் போன்லேர்ந்து பேசினார். உங்க பேரைச் சொல்லி ஒரு திருடி ஓடிபி கேக்கறாளாம். உஷாரா இருக்கச் சொல்லிட்டு வச்சுட்டார்."

அண்ணி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தி, கழுத்துச் சங்கிலியில் தொங்கிய ஒரு சிறிய சாவியைப் பிடித்துக்கொண்டாள்.

"வா, நேர்ல போகலாம். அந்தப் பெட்டி என் சாவி இல்லாம திறக்காது. சொல்லித்தான் ஆகணும்னா நானே சொல்லிக்கறேன்."

அந்த இரும்புப் பெட்டி அண்ணியின் யோசனை. வாடிக்கையாளர்கள் நம்பிக் கொடுத்துவிட்டுப் போகும் சாவிகளை வைக்க அண்ணன் ஒரு பெட்டி செய்தபோது, ஒரே ஆளால் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று அவள்தான் வரைந்து கொடுத்தாள். மூடினால் தானே பூட்டிக்கொள்ளும். திறக்க இரண்டு சாவித் துளைகள், இரண்டையும் சேர்த்துத் திருப்பினால்தான் தாழ் விலகும். ஒரு சாவி அவனிடம், ஒன்று இவளிடம். பல்கலைக்கழகத்துக்கு ரொம்ப நாள் முன்பே எங்கள் வீட்டில் டூ ஃபேக்டர் என்கிற இரட்டைச் சரிபார்ப்பு வந்துவிட்டது.

"மடிக்கணினியை மட்டும் மூடிடாதீங்க" என்றேன். "மூடினா முதல்லேர்ந்து நுழையணும். பழைய நம்பர் ரெண்டும் இந்நேரம் செல்லாம போயிருக்கும், இனி ஒரே ஒரு தடவைதான் புது நம்பர் கேக்கலாம். அதுவும் தப்பினா நாளைக்குத்தான் உள்ளே விடும்."

நாளைக்கு உள்ளே போய் என்ன செய்வது? அண்ணி மடிக்கணினியைத் திறந்தபடியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்தாள். பிறகு ஓடினாள். நான் முன்னால் ஓடி, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று நடைபாதையில் இருந்தவர்களை எல்லாம் ஒதுக்கினேன். என்னவோ ஏதோ என்று எதிரே வந்த சைக்கிள்காரர் இறங்கியே நின்றுவிட்டார். கடை பல்கலைக்கழகத்துக்குப் பின்தெருவில்தான். இருந்தாலும் போய்ச் சேர்ந்தபோது எனக்கு நாக்குத் தள்ளியது.

கடை ஓர் ஆள் கையை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும் அளவுதான். சுவர் முழுக்கக் கொக்கிகளில் வெட்டாத சாவிகள். அண்ணனின் புருவத்திலும் மீசையிலும் பித்தளைத் தூள். நடந்ததைக் கேட்க வந்த தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"வாலு! நல்ல வேளை வந்தே" என்று அண்ணன் எழுந்தான். "உன் பேர்ல ஒருத்தி..."

"அது நான்தான்!"

"அப்படியே உன் குரல்! அதே திமிரு!"

"அது நான்தான்னு சொல்றேன்ல!"

அவன் வாயைப் பிளந்தான். அப்போதுதான் எனக்குப் பின்னால் மூச்சு வாங்க நின்ற அண்ணியைக் கவனித்தான். "நீ எங்க இங்க? என்ன ஆச்சு? இதென்ன கையில?"

அண்ணி தையல்காரரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இனி என்ன என்பதுபோல் நிமிர்ந்து நின்றாள்.

"அந்த நம்பர் எனக்கு வந்ததுங்க. எனக்கு இடம் கிடைச்சிருக்கு. அதே படிப்பு. உங்ககிட்ட சொல்லாமத்தான் எழுதினேன். அஞ்சு மணிக்குள்ள சரின்னு சொல்லணும். பெட்டியைத் திறங்க."

அண்ணன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு எந்தச் சாவியையும் தடவியே கண்டுபிடிப்பவனுக்குத் தன் சாவி அகப்படவில்லை. கொத்தைக் கீழே வேறு போட்டான்.

"தம்பி, மணி ஆகுது" என்றார் தையல்காரர்.

அண்ணி சங்கிலியைக் கழற்றி அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். இரண்டு சாவியும் ஒன்றாகத் திரும்பின. கைப்பேசி வெளியே வந்தது. அது ஓர் அரதப்பழசு. உயிர் வருவதற்குள் நம் உயிர் போய்விடும். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நாங்கள் நான்கு பேரும் அந்த வட்டத்தையே பார்த்தோம். கடைச் சுவரில் கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன், பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

வட்டம் நின்றது. அண்ணி எண்ணை மறுபடி அனுப்பும் பொத்தானைத் தட்டினாள். கைப்பேசி சிணுங்கியது.

தையல்காரர் எட்டிப் பார்க்க, அண்ணன் திரையைக் கையால் மறைத்தான். "கொஞ்சம் தள்ளுங்கண்ணே. இதெல்லாம் பாக்கக்கூடாது." பிறகு அண்ணியின் காதருகே குனிந்து, ரகசியமாக ஒவ்வோர் எண்ணாகச் சொன்னான். அவள் தட்டினாள். கதவு திறந்தது. ஏற்றுக்கொள்கிறேன் என்ற பச்சைப் பொத்தான் வந்தது. அண்ணி அதை ஆள்காட்டி விரலால், அழைப்பு மணியை அழுத்துவதுபோல், ஓங்கி அழுத்தினாள்.

வாழ்த்துகள் என்று திரை சொன்னது. நான் கத்திய கத்தலில் கொக்கியிலிருந்து ஒரு சாவி விழுந்தது. அண்ணியைக் கட்டிக்கொண்டேன். தையல்காரர் அளவு நாடாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் மட்டும் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தான்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நடுவுல நின்னு போனா எல்லாரும் கேப்பாங்களேன்னுதான்."

"நான் ஊரைக் கூட்டினதால உனக்குக் கஷ்டம்னு எனக்குத் தோணவே இல்லையே" என்றான். "எனக்குப் பெருமையா இருக்கும். அதை எங்க வச்சுக்கறதுன்னு தெரியாது."

"தெரியுங்க" என்றாள் அண்ணி. அவன் மீசையிலிருந்த தூளைத் தட்டிவிட்டாள்.

மடிக்கணினியில் இன்னொரு கேள்வி வந்திருந்தது. உள்ளே நுழைந்துவிட்டவர்கள் தாங்களே எண்ணை மாற்றிக்கொள்ளலாம். இனி எந்தக் கைப்பேசிக்கு எண் அனுப்ப வேண்டும்? அண்ணியின் விரல் பழக்கதோஷத்தில் அண்ணன் எண்ணைத் தட்டத் தொடங்கியது. அவன் அவள் கையைப் பிடித்தான்.

"உன் நம்பரைப் போடு."

"என் நம்பரா?" அவள் திருதிருவென்று விழித்தாள். "எனக்கு என் நம்பர் ஞாபகம் இல்லீங்க. எங்கயும் எழுதினதே இல்லையே."

அண்ணன் கைப்பேசியைப் பார்க்கவில்லை. யோசிக்கவும் இல்லை. அவள் எண்ணை முதலிலிருந்து கடைசி வரை தடங்கல் இல்லாமல் சொன்னான். சொந்தப் பிள்ளைகளின் பிறந்தநாளையே நான் ஞாபகப்படுத்தினால்தான் சொல்லுவான். இதை மட்டும் மனப்பாடமாக வைத்திருக்கிறான்.

இப்போது சிணுங்கியது அண்ணியின் கைப்பேசி. அண்ணன் ஆசையாக எட்டிப் பார்த்தான். "என்ன நம்பர் வந்திருக்கு? காட்டு, காட்டு."

அண்ணி கைப்பேசியை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் கண்ணால் காட்டினாள்.

"யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுங்க."

அவன் முகம் போன போக்கைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு அவன் தோளைத் தட்டி, "இதை மட்டும்தான் சொல்ல மாட்டேன். மத்ததை எல்லாம் நீங்க போய் யார்கிட்ட வேணா சொல்லிக்கோங்க" என்றாள்.

"நிஜமாவா? எல்லார்கிட்டயுமா?"

"எல்லார்கிட்டயும். இந்தத் தடவை கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

அண்ணன் துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடினான். பாவம், தையல்காரர் முந்திக்கொண்டு பாதித் தெருவரை சொல்லிவிட்டிருந்தார்.