பிரிண்டரின் வயிறு

விடியலில் தெய்வநாயகி மெயின் சுவிட்சைப் போட்டதும் பின்கட்டில் தறிகள் தடதடக்கும். அந்த இரைச்சலிலும் முன்னறைப் பிரிண்டர் முனகுவது மருமகள் ரஞ்சிதாவுக்குக் கேட்கும். யாரும் அதைத் தொட்டிருக்கமாட்டார்கள். காகிதமும் வராது. உள்ளே எதுவோ இழுத்து இழுத்து, கடைசியில் மடக்கென்று விழுங்கும்.

கம்மலை விற்று வாங்கிய பிரிண்டர் அது. தறியில் மாட்டும் தார்க்கட்டையில் நூல் சுற்றிச் சுற்றி, பஞ்சுத் தூசி நெஞ்சில் இறங்கி அவளுக்கு இளைப்பு வந்திருந்தது. குமாரபாளையத்தில் தறிவேலையை விட்டால் வீட்டிலிருந்தபடி செய்ய வேறென்ன இருக்கிறது? ஆதார் நகல், பிள்ளைகளின் போட்டோ என்று அச்சடித்துக் கொடுத்தாள். "தை வரைக்கும் பாக்கலாம். கட்டுபடியாகலைன்னா மறுபடி தார் சுத்த வந்துரு" என்று கணவன் கந்தவேல் சொல்லியிருந்தான்.

கட்டுபடியாகவில்லை. மிஷினை மலிவாகத்தான் கொடுத்தார்கள். கார்த்திகை முடிவதற்குள் மைக்குக் கொடுத்தது மிஷின் விலையைத் தாண்டிவிட்டது. அச்சடித்துத் தீர்ந்திருந்தாலும் மனசு ஆறும். ஒருவரும் வராத வாரத்திலும் மை குறைந்தது.

"ராத்திரியில நீயே எடுத்துக் குடிக்கறயா?" என்று கந்தவேல் கேட்டான்.

"எனக்கு நீங்க வாங்கித் தர்ற டீயே போதுங்க."

தெய்வநாயகி சிரிக்கவில்லை. "எதோ ஊட்டுக்குள்ள வந்து குடிச்சுட்டுப் போகுது சாமி" என்றாள். மறுநாள் மிஷினுக்கு மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின.

ஒரு மத்தியானம், மேசையைத் துடைப்பதற்காக ரஞ்சிதா பிரிண்டரைத் தூக்கினாள். வாங்கிய அன்று இடுப்பில் வைத்துக்கொண்டு வந்ததுதான். இப்போது கனத்தது. லேசாகச் சாய்த்தாள். உள்ளே ஈரமாக எதுவோ நகர்ந்தது.

அதன்பின் அவள் அதையே கவனித்தாள். விளக்கு வைக்கும் நேரத்தில் தெய்வநாயகி தறி மெயினை இறக்கிவிடுவாள். ராத்திரியில் மிஷினுக்குள் கரண்ட்டைத் தங்கவிடக் கூடாது என்பது தறிக்காரர் வீட்டுப் பழக்கம். ஒரு பொறி விழுந்தால் பஞ்சு பற்றிக்கொள்ளும். பிரிண்டரும் அதே லைனில்தான் இருந்தது. விடியலில் கரண்ட் வந்ததும் அது புது மையால் தன் வாயைக் கழுவிக்கொண்டு, கழுவியதைத் தானே விழுங்கியது. திரையில் மை அளவைக் காட்டும் கோடு ஒரு மயிரிழை இறங்கியது. வெளியிலிருந்து எதுவும் வந்து குடிக்கவில்லை.

"அத்தை, இன்னைக்கு மெயினை இறக்காதீங்க."

"கரண்டு உள்ள முழிச்சுக்கிட்டு இருந்தா நான் எப்படித் தூங்கறது?"

"தை வந்தா நான் அந்தத் தூசிக்குள்ள போகோணும் அத்தை."

தெய்வநாயகி அவள் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தாள். அன்று மெயினை இறக்கவில்லை.

விடிந்தது. முன்னறையில் சத்தமே இல்லை. மைக்கோடு நேற்று நின்ற இடத்திலேயே நின்றது. ரஞ்சிதாவுக்கு மூச்சு லேசாகியது. பக்கத்துத் தெரு சுகன்யா தன் மகள் போட்டோவை அச்சடிக்க வந்தாள். பொத்தானை அமுக்கியதும் சிவப்பு விளக்கு மினுங்கியது. கழிவு மையை உறிஞ்சும் பஞ்சு நிரம்பிவிட்டது, அதன் ஆயுள் முடிந்தது என்று திரையில் வந்தது.

"உங்க ஊட்டுல மிஷினுக்கும் பஞ்சுலதான் நெஞ்சடைக்குதாட்டம் இருக்குது" என்றாள் சுகன்யா.

பிரிண்டரை விற்ற கடைக்கு ரஞ்சிதா போன் செய்தாள். "சரி பண்ற காசுக்குப் புதுசே வாங்கிக்கலாங்க" என்றார்கள்.

ரஞ்சிதா திருப்புளியை எடுத்து அடிப்பக்கத்தைக் கழற்றினாள். பஞ்சு கல்லீரல் போல வழுக்கிக்கொண்டு வந்தது. வாளியில் போட்டுப் பிழிந்தாள். பிள்ளைகளின் முகங்களாகியிருக்க வேண்டிய மை அத்தனையும் கறுப்பாகவே இறங்கியது. தண்ணீரை மாற்றி மாற்றிப் பிழிந்து, வெயிலில் காயவைத்து, உள்ளே பொருத்தினாள். சிவப்பு விளக்கு அணையவில்லை. வெறும் வயிற்றோடு இருந்தும், தான் நிரம்பிவிட்டதாகவே அது சொல்லிக்கொண்டிருந்தது.

வாசலில் கந்தவேல் நின்றான். "இனித் தை வரைக்கும் எதுக்கு?" என்று மூக்கில் கட்டிக்கொள்ளத் துண்டை நீட்டினான்.

எவ்வளவு தேய்த்தும் அவள் விரல் வெளுக்கவில்லை. அன்று அவள் சுற்றிய முதல் கட்டையில் வெள்ளை நூல் கறுத்தே ஏறியது. அதை அப்படியே தறியில் மாட்டினார்கள்.