'எம்' கேசட்டில் ஓர் இருமல்

மேற்கத்திய இசையைக் கரைத்துக் குடித்தவர்கள் கோவை ஜில்லாவில் இரண்டே பேர். ஒருவர் காலமாகிவிட்டார். மற்றவன் ஹர்ஷா. இந்தத் தகவலைக் கல்லூரி கேன்டீனில், கையில் தேங்காய் பன்னோடு வெளியிட்டவனும் ஹர்ஷாதான். காலமானவர் யார் என்று கேட்டதற்கு, "பேரைச் சொன்னா உங்களுக்குத் தெரியாது" என்று முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் சொன்னான்.

அப்பேர்ப்பட்டவனிடம் போய் எழில் தன் அப்பாவின் கேசட்டைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

எழில் அவன் வகுப்புத்தான். போத்தனூர்க்காரி. அப்பா பிரான்சிஸ் ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பவர். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் பாட்டு அத்தனையும் 'எம்' எழுத்தில்தான் தொடங்கும். காரணம், ஸ்டேஷன் ஓரம் இருந்த முஸ்தபா பாயின் ரெக்கார்டிங் கடை. எந்தப் பாட்டை எந்த வெள்ளைக்காரர் பாடினார் என்பதெல்லாம் பாய்க்கு அநாவசியம். தலைப்பின் முதல் எழுத்தைப் பார்த்துப் பாட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். கேசட் போட வருகிறவர்களிடம் ஒரே கேள்விதான்: "யாருக்குங்க? பேரு என்னங்க?" பேர் எந்த எழுத்தோ அந்த எழுத்துப் பாட்டுகள் கேசட்டில் ஏறும். கல்யாணம் நிச்சயமான கையோடு பிரான்சிஸ் போய் நின்றார். பெண்ணின் பேர் மாசாணியம்மாள். 'எம்' கேசட் வந்தது. அதே தெருவில் ராசப்பன் வீட்டில் 'ஆர்', எதிரே ராசாத்தாள் வீட்டிலும் 'ஆர்'. பேச்சுவார்த்தை இல்லாத அந்த இரண்டு குடும்பங்களும் இசையில் மட்டும் பங்காளிகள்.

"எழுத்தைப் பாத்துப் பாட்டுக் கேக்கறது, கலரைப் பாத்து மாத்திரை முழுங்கற மாதிரி" என்றான் ஹர்ஷா. "உங்கப்பா முன்னால 'ஏ'ல ஆரம்பிக்கற பாட்டைப் போட்டா காதைப் பொத்திக்குவாரா?"

"சிரிச்சு முடிச்சுட்டயா? மிச்சத்தைச் சொல்லட்டுமா?"

மிச்சம் சிரிக்கிற விஷயமாக இல்லை. எழிலின் அம்மா போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை நினைவு நாள். கல்லறைக்குப் போய் வந்ததும் அந்தக் கேசட்டை ஒருமுறை கேட்க வேண்டும் என்பது பிரான்சிஸின் ஆசை. வீட்டில் இருந்த டேப்ரெக்கார்டர் எப்போதோ மண்டையைப் போட்டிருந்தது.

"கொண்டா இங்க. டிஜிட்டல் பண்ணிக் கொடுத்தர்றேன். எல்லாம் ரெண்டு நிமிச வேலை."

ஊரின் மறுகோடியில், கணபதி பகுதியில், ஹர்ஷா வீட்டுப் பரண் மேல் இருந்த டேப்ரெக்கார்டருக்கு அது ஒரு நிமிஷ வேலையாகத்தான் இருந்தது. கரகரவென்று ஒரு சத்தம். கேசட் மூடியைத் திறந்தால், உள்ளே நாடா இடியாப்பம் பிழிந்து வைத்த மாதிரி சுருண்டு கிடந்தது.

மறுநாள் போத்தனூர் வீட்டு வாசலில் நின்று மேற்கத்திய இசை மேதை அதை நீட்டினான். பிரான்சிஸ் வாங்கிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கேசட் சக்கரத்தில் விட்டு மெள்ளச் சுற்றினார். நாடா பட்டென்று அறுந்தது.

"உடுங்க தம்பி. மிசினுக்கு என்னங்க தெரியும்?"

ஹர்ஷாவுக்கு அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பாட்டுகளை அவர் முனகிக் காட்ட, ஹர்ஷாவின் போன் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தது. எல்லாம் கிடைத்தன, கடைசிப் பாட்டைத் தவிர. அதை அவர் முனகியபோது போன் ஒரு முருகன் பாட்டைக் கொண்டுவந்து நிறுத்தியது.

"அதுதானுங்க முக்கியம்" என்றார் பிரான்சிஸ். "பாட்டு பாதியில இருக்கறப்பவே நாடா தீந்துபோயிருமுங்க. டக்குனு நின்னுரும். மிச்சத்தை எங்கூட்டுக்காரிதான் பாடுவா. பாசையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. அவளா ஒரு ராகம் போட்டு இழுத்து, 'சோத்துக்கு வாங்க'ன்னு முடிச்சுப்போடுவா."

"வேற ஏதாச்சும் அடையாளம் இருக்குங்களா?"

"மொதல்ல பாட்டுக்காரரு ஒருக்கா இருமுவாருங்க. அப்பறந்தான் கிதாரு. 'பாவம், அந்தாளுக்குச் சுக்குக் கசாயம் வெச்சுக் குடுக்க ஆருமில்லையாட்ட இருக்குது'ம்பா அவ."

இருமலில் தொடங்கும் பாட்டு. தலைப்பு 'எம்'. ஹர்ஷா தினமும் மாலையில் போத்தனூர் பஸ் ஏறினான். 'எம்' எழுத்தில் இத்தனை பாட்டுகள் இருக்கின்றன என்பது கரைத்துக் குடித்தவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. நிலாவைப் பற்றி, திங்கட்கிழமையைப் பற்றி, அம்மாவைப் பற்றி, பணத்தைப் பற்றி, ஏதேதோ மேரிகளைப் பற்றி. ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் பிரான்சிஸ் கண்ணை மூடிக் கேட்டார். அடுத்த விநாடியே தலையை ஆட்டினார். "இருமலைக் காணோமுங்களே தம்பி."

"ஏனுங்க மேதை, காலமான அந்த இன்னொருத்தரைக் கூப்புட்டுக் கேக்க முடியாதுங்களா?" என்று எழில் மட்டும் அவ்வப்போது மரியாதையாக விசாரித்தாள்.

சனிக்கிழமை வந்துவிட்டது. வேறு வழி தோன்றாமல் இருவரும் முஸ்தபா பாயின் கடைக்கே போனார்கள். அங்கே இப்போது போன் கவர்கள் தொங்கின. பாய் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"பாட்டா? எல்லாத்தையும் பழைய சாமான்காரனுக்குப் போட்டாச்சு கண்ணு. எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்ல" என்றார். "அப்பவெல்லாம் ஸ்பீக்கருக்கு முன்னால மைக்கை வெச்சுப்போட்டு, மூச்சு உடாம உக்கோந்திருப்பேன். அது ஒண்ணுதான் நெனப்பு இருக்குது."

சொல்லிவிட்டு, வாயைத் துண்டால் மூடிக்கொண்டு இருமினார்.

ஹர்ஷாவும் எழிலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பாய், நீங்க அப்பவே இப்படித்தான் இருமுவீங்களா?"

"அது சின்ன வயசுல இருந்தே இருக்குது அம்மணி. சிமெண்டு பேக்டரிக் காத்து."

பாட்டுக்காரர் இருமவே இல்லை. வாரம் முழுக்க அவர்கள் தேடியது பாயின் தொண்டையை.

ஞாயிற்றுக்கிழமை, கல்லறையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வந்ததும் ஹர்ஷா மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். பிரான்சிஸிடம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அந்த இருமல் பாட்டில் கிடையாது என்று அவரிடம் எந்த வாயால் சொல்வது? அதற்குப் பதில், ஒவ்வொரு பாட்டையும் போடுவதற்கு முன் தானே ஒருமுறை இருமினான். வாயை மூடிக்கொண்டு, பாய் இருமிய மாதிரியே. எழில் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருமல், பாட்டு. இருமல், பாட்டு. தொண்டை புண்ணாகிப்போனது.

முதல் நாளே வேண்டாம் என்று தள்ளிய ஒரு பாட்டு வந்தது. இருமினான். கிதார் ஒலித்தது.

"இதுதானுங்க!"

பிரான்சிஸ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். பாட்டு ஓடியது. வெளியே ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிந்தது. ஹர்ஷா போனைப் பார்த்தான். பாட்டில் இன்னும் பாதி இருந்தது. இத்தனை வருஷமாக இந்த மனுஷன் கேட்டிராத பாதி. தன்னால் கிடைக்கப்போகிற பாதி.

பிரான்சிஸ் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார்.

"போதுமுங்க தம்பி. நாடா இதோட முடிஞ்சுபோச்சு."

பிறகு தரையைப் பார்த்தபடி, சுதியே சேராத குரலில் ஏதோ ஒரு ராகத்தை இழுத்தார். முடிக்கிற இடம் வந்ததும் தயங்கினார். சமையலறையிலிருந்து எழில் சொன்னாள்:

"சோத்துக்கு வாங்க."

மூவரும் சாப்பிட்டார்கள்.

கணபதிக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஹர்ஷாவுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் இருந்தவர் தூங்குகிறாரா என்று ஒருமுறை உறுதி செய்துகொண்டான். இயர்போனை மாட்டினான். போனைச் சாய்த்துப் பிடித்து, தேடும் இடத்தில் 'ஈ' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தை அடித்தான். எழில் தன் பேரை அந்த எழுத்தைப் போட்டுத்தான் எழுதுவாள். திரை கொள்ளாமல் பாட்டுகள் வந்து நின்றன.

முதல் பாட்டைத் தொடுவதற்கு முன், வாயைக் கையால் மூடிக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் லேசாக ஒருமுறை இருமிக்கொண்டான்.