கை தூக்கும் வரை

ஒரு பாய், ஒரு சின்னத் தலையணை, சுவரில் மாட்டும் படங்கள் நாலைந்து, ஒரு பழைய கைக்கடிகாரம். வலிப்பு உள்ளவர்களுக்கான துணைச் சங்கத்தின் சொத்து முழுவதும் ஒரு தோள்பையில் அடங்கிவிடும். டயர் கடைக்கு மேலே இருக்கும் இரண்டு வாடகை அறைகளைச் சொத்தில் சேர்க்க முடியாது.

அவன் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது சங்கத்தை நடத்தும் டீச்சர் போன் செய்தார்.

"தம்பி, ஒரு சிக்கல். நமக்கு விழுந்து காட்டறவர் இருக்காரே, அவருக்கு வெளியூர்ல வேலை கிடைச்சிடுச்சாம். நேத்தே கிளம்பிட்டார். போனதுக்கப்புறம் போன் பண்ணிச் சொல்றார், மகராசன்."

"அப்போ இன்னைக்கு?"

"தள்ளிப்போட முடியாதே. அந்தச் சலவைக் கூடத்துப் பொண்ணோட வேலை இன்னைக்கு இருக்கா இல்லையான்னு முடிவாகப் போகுது. நீங்களே பேசி, நீங்களே விழுந்துடுங்க."

"சரி" என்றான்.

ஒரு வருடமாக யார் எது சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். முடியாது என்று சொன்னால் கூடவே காரணமும் சொல்ல வேண்டும். அவ்வளவு பேசத் தெம்பில்லை.

ஒருவருக்கு வலிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று பள்ளிகளுக்கும் வேலையிடங்களுக்கும் போய்க் காட்டுவது சங்கத்தின் வேலைகளில் ஒன்று. ஒருவர் பேசுவார். இன்னொருவர் வலிப்பு வந்ததுபோல விழுந்து காட்டுவார். பேசுவது அவன். விழுந்தது, அவள் இருந்தவரை, அவன் மனைவி. அவளுக்கு நிஜமாகவே வலிப்பு உண்டு. "எங்கெங்கேயோ சும்மா விழுந்திருக்கேன். இங்க விழுந்தா டீயாவது தர்றாங்க" என்பாள். கூட்டம் சிரிக்கும். சிரித்த பிறகுதான் கிட்டே வரும்.

போன வருடம் தூக்கத்தில் வலிப்பு வந்து போய்விட்டாள். காலையில் அவன் எழுந்தான். அவள் எழவில்லை.

துக்கத்துக்கு வந்த மாமியார் அப்படியே தங்கிவிட்டார். போகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. போகிறேன் என்று சொல்ல அவருக்கும் வரவில்லை. இரண்டு பேருமாக ஒரு வீட்டை ஓசைப்படாமல் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களா விழப்போறீங்க, மாப்பிள்ளை?" அடுப்படியிலிருந்து கேட்டார்.

"ஆமா அத்தை. ஆள் இல்லை."

அவர் வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தினார். "இடது பக்கமா சாயுங்க. அவளுக்கு எப்பவும் இடது பக்கம்தான் இழுக்கும்." பிறகு மறுபடி நறுக்கத் தொடங்கினார். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

அவன் போன இடம் மருத்துவமனைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் துணி வெளுத்துத் தரும் கூடம். உள்ளே நுழைந்ததும் நீராவி முகத்தில் ஈரத்துணியைப் போல ஒட்டியது. ஒரு ஓரத்தில் வயிறு பெருத்த இயந்திரங்கள் துணியைப் புரட்டிக்கொண்டிருந்தன. நடுவில் நீளமான சூட்டு ரோலர். ஈரமான படுக்கை விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து, சுருக்கம் எடுபட்டு, சுடச்சுட வெளியே வரும். கொடுக்கிற பக்கத்தில்தான் மைனா நின்றிருந்தாள், மூன்று வாரத்துக்கு முன்புவரை.

வாய் ஓயாமல் பேசுவாள் என்பதால் மைனா. அங்கே நின்றபடியே அவளுக்கு வலிப்பு வந்தது. நல்லவேளை, பின்பக்கமாகச் சாய்ந்தாள். முன்பக்கம் சாய்ந்திருந்தால் கை ரோலருக்குள் போயிருக்கும். எதிரில் இருந்த இஸ்திரி அண்ணன் ஓடிவந்து, தன் சாப்பாட்டுப் பாத்திரத்தில் இருந்த ஸ்பூனை எடுத்து அவள் பற்களுக்கு நடுவே திணித்தார். அவளுக்கு ஒரு பல் உடைந்தது. அவர் விரல் கிழிந்தது. அன்றிலிருந்து மைனாவைக் கடைக்கோடி மூலையில் உட்கார்த்தி, கழன்ற பொத்தான்களைத் தைக்கச் சொல்லியிருந்தார்கள். அவளும் பேசுவதை விட்டுவிட்டாள்.

சூப்பர்வைசர் அவனைக் கதவருகே ஓரம்கட்டினார். கண்ணுக்குக் கீழே பை தொங்கும் மனிதர்.

"சார், எனக்கு அந்தப் பொண்ணு மேல ஒரு கோபமும் இல்லை. நல்லா வேலை செய்வா. முதலாளி இதைத் தூக்கி என் தலையில கட்டிட்டார். நீங்க சொல்லிக் கொடுங்க. முடிஞ்சதும் நான் இவங்களைக் கேப்பேன். எல்லாரும் கூட வேலை பார்க்கறோம்னு சொன்னா, அவ இருக்கட்டும். பயமா இருக்கு, வேண்டாம்னு சொன்னா, இன்னையோட அனுப்பிடுவேன். என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"ரோலர்கிட்ட நிக்க வேண்டாம். மடிக்கிற மேசையில போடலாம். ராத்திரி ஷிப்ட் மட்டும் வேண்டாம், தூக்கம் கெட்டா அவங்களுக்கு ஆகாது."

"அதெல்லாம் அப்புறம். முதல்ல இவங்க வாயைத் திறக்கட்டும்."

இயந்திரங்களை நிறுத்தினார்கள். வேலை செய்பவர்கள் விரிப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்தார்கள். மைனா எல்லோருக்கும் பின்னால், கையில் ஊசியோடு நின்றாள். இஸ்திரி அண்ணன் முதல் ஆளாக எழுந்து, கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டினார்.

"சார், நாய் கடிச்சா ஊசி போடலாம். மைனா கடிச்சா என்ன போடறது?"

கூடம் சிரித்தது. மைனா தலையைக் குனிந்து நூலைப் பல்லால் அறுத்தாள்.

"வாயில எதையும் வைக்காம இருந்தா போதும்" என்றான் அவன். "ஸ்பூன், துணி, விரல் எதுவும். அவங்க நாக்கை அவங்க முழுங்க மாட்டாங்க."

"அப்போ என் ஸ்பூன் வீணாப் போச்சா?"

"அவங்க பல்லும் வீணாப் போச்சு."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அவன் சொல்லிக்கொண்டே போனான். பழகின பாட்டு, நாக்கு தானாகப் போய்க்கொண்டிருந்தது. கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். பக்கத்தில் இடிக்கிற மாதிரி இருப்பதைத் தள்ளி வையுங்கள். தலைக்கு அடியில் மெத்தென்று எதையாவது கொடுங்கள். எப்போது ஆரம்பித்தது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முழுசாகத் தெளியும்வரை கூடவே இருங்கள்.

"தண்ணி கொடுக்கலாமா?" ஒருத்தி கேட்டாள்.

"தெளிஞ்சதுக்கப்புறம்."

"ஏன் கூடவே இருக்கணும்? அதான் நின்னுடுச்சே."

"நின்னாலும் அவங்களுக்கு ஒண்ணும் புரியாது. எங்க இருக்கோம், என்ன ஆச்சு, சுத்தி நிக்கிறவங்க யாரு, எதுவும் தெரியாது. ஒருத்தர் பக்கத்துல உக்காந்து சொல்லிட்டே இருக்கணும்." பையிலிருந்து பாயை எடுத்து விரித்தான். "இப்ப நான் விழுவேன். நீங்க செஞ்சு காட்டணும். ஒரே ஒரு விதி. நான் கையைத் தூக்கினாத்தான் முடிஞ்சதுன்னு அர்த்தம். அதுவரைக்கும் யாரும் விட்டுட்டுப் போகக் கூடாது."

அந்த விதிக்கு ஒரு கதை உண்டு. ஒருமுறை ஒரு பள்ளியில் அவன் மனைவி விழுந்து காட்டும்போது நிஜமாகவே வலிப்பு வந்துவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். பிரமாதம் என்றார் தலைமையாசிரியர். அவனுக்கே புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அதன் பிறகு அவள்தான் இதைக் கொண்டுவந்தாள். நடித்து முடிந்ததும் கையைத் தூக்குவேன், தூக்காவிட்டால் நடிப்பு என்று நம்பாதே என்றாள்.

"யார் வர்றீங்க?"

நாலு பேர் சேர்ந்து இஸ்திரி அண்ணனை முன்னால் தள்ளினார்கள். "போங்கண்ணே, உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கு."

அவன் விழுந்தான். மாமியார் சொன்னபடி இடது பக்கமாகவே சாய்ந்தான். கையை மடக்கி உதறினான், காலை உதைத்தான். யாரோ கிளுக்கென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். "அந்த ஸ்டூலை நகர்த்துங்க" என்றது ஒரு குரல். பையில் இருந்த தலையணை யாருக்கும் நினைவு வரவில்லை. இஸ்திரி அண்ணன் ரோலரிலிருந்து வந்த விரிப்பு ஒன்றை நாலாக மடித்து அவன் தலைக்கு அடியில் கொடுத்தார். அது இன்னும் சூடாக இருந்தது. சோப்பு வாசனை அடித்தது.

உதறுவதை நிறுத்தினான். ஒரு கை தோளிலும் ஒரு கை இடுப்பிலும் பட, பக்குவமாக ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள்.

இப்போது கையைத் தூக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து, நன்றாகச் செய்தீர்கள் என்று சொல்ல வேண்டும்.

கையைத் தூக்கு என்று தனக்குத் தானே சொன்னான். கை காது கேளாததுபோலக் கிடந்தது.

வலிப்பில்லை, மயக்கமில்லை. எல்லாம் கேட்டது. குழாயில் நீராவி சீறுவது, யாரோ இருமுவது, வாசலில் வண்டி வந்து நிற்பது. உடம்பு மட்டும் வரவில்லை. அது தரையைக் கண்டுகொண்டுவிட்டது. ஒரு வருடமாக எழுந்து, குளித்து, பை தூக்கி, பேசி, சாப்பிட்டு, படுத்து, மறுபடி எழுந்ததெல்லாம் மொத்தமாக வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது.

"சரி சார், பார்த்தாச்சு" என்றார் சூப்பர்வைசர். "எழுந்திரிங்க. மெஷின் எல்லாம் நிக்குது."

"அவரை எழுப்பாதீங்க சார்" என்றார் இஸ்திரி அண்ணன். "இன்னும் கை தூக்கலையே."

"யோவ், அது நடிப்பு."

"நடிப்போ என்னவோ. அவர்தானே சொன்னாரு. கை தூக்காம விடக் கூடாதுன்னு."

மூட்டைகளிலிருந்து எல்லோரும் எழுந்து வந்துவிட்டது காலடிச் சத்தத்தில் தெரிந்தது. "கூட்டம் போடாதீங்க, காத்து வரட்டும்" என்றது ஒரு பெண் குரல். அவன் அதுவரை கேட்காத குரல். மைனா வந்து அவன் முகத்துக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உடைந்த பல்லின் இடைவெளி தெரிந்தது. அவன் கண் திறந்திருப்பதைப் பார்த்தாள். நடிப்பு எப்போதோ முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை.

"எனக்கும் இப்படித்தான் சார் இருக்கும்" என்றாள் மெதுவாக. "எல்லாம் முடிஞ்சிருக்கும். ஆனா எழுந்திரிக்கவே தோணாது. எதுக்கு எழுந்திரிக்கணும்னு இருக்கும். அவசரமில்லை, படுங்க." பிறகு தலையைத் திருப்பினாள். "அண்ணே, சும்மா முழிச்சுப் பார்த்துட்டு நிக்காதீங்க. பேசுங்க. எங்க இருக்காருன்னு சொல்லுங்க."

"என்ன சொல்றது?"

"வாயில ஸ்பூன் வைக்கத் தெரியுது, வாயால ரெண்டு வார்த்தை பேசத் தெரியலையா?"

யாரோ சிரித்தார்கள். இஸ்திரி அண்ணன் முழங்காலை மடக்கி, முனகிக்கொண்டே உட்கார்ந்தார். கட்டுப் போட்ட விரலை மட்டும் படாமல் தூக்கிக்கொண்டு, கையை அவன் தோளில் வைத்தார்.

"சார், நீங்க துணி வெளுக்கிற இடத்துல இருக்கீங்க. கீழே விழுந்துட்டீங்க. அடி ஒண்ணும் படலை. நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம். எங்கேயும் போகலை." கொஞ்சம் யோசித்தார். "மணி பதினொண்ணுதான் ஆகுது. சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கு. நீங்க பொறுமையா வாங்க."

மனைவி போனதிலிருந்து எத்தனையோ பேர் எத்தனையோ ஆறுதல் சொல்லியிருந்தார்கள். மணி என்ன என்று யாரும் சொன்னதில்லை.

அவன் அப்படியே கிடந்தான். இஸ்திரி அண்ணன் சொன்னதையே திரும்பவும் சொன்னார். மூன்றாவது முறை சொல்லும்போது அவருக்கே அலுப்புத் தட்டியது குரலில் தெரிந்தது. ஆனாலும் கை தோளை விட்டு எடுபடவில்லை. சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், கடைசியில் அவரும் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

விரிப்பின் சூடு ஆறிய பிறகு அவன் கையைத் தூக்கினான்.

"வந்துட்டாரு" என்றார் இஸ்திரி அண்ணன். அவனை எழுப்பி உட்காரவைத்தார்கள். தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தவள் தண்ணீர் கொண்டுவந்தாள். அவன் குடித்தான். "சரியா செஞ்சீங்க" என்றான்.

சூப்பர்வைசர் எழுந்து கால்சட்டையைத் தட்டிக்கொண்டார். "சரி. நேரா கேக்கறேன், நேரா பதில் சொல்லுங்க. மைனா இங்க வேலை செய்யறதுல யாருக்காவது பயமா இருக்கா?"

மைனா எழுந்து தன் மூலைப் பக்கம் இரண்டடி போய் நின்றாள். கையில் இருந்த ஊசியை முந்தானையில் குத்திக்கொண்டாள்.

"எனக்கு இருக்கு" என்றார் இஸ்திரி அண்ணன்.

எதையாவது பேச வேண்டும் என்று அவன் எழப் பார்த்தான்.

"என்னய்யா, இருக்கா?" என்றார் சூப்பர்வைசர்.

"இல்லாம இருக்குமா? கண்ணு சொருகி, வாயில நுரை வந்து கிடந்தா யாருக்கும் பயம்தான். நாளைக்கு மறுபடி விழுந்தா அப்பவும் பயப்படுவேன்." விரலைத் தடவிக்கொண்டார். "அதுக்காக ஆளை அனுப்பறதுன்னா, முதல்ல அந்த பாய்லரை அனுப்புங்க சார். அதைப் பார்த்தா எனக்கு இதைவிடப் பயம். அது வெடிச்சா என்ன செய்யணும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லிக் கொடுக்கலை. இவ விழுந்தா என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும்."

"கடிக்கக் கூடாதுன்னு எழுதி வாங்கிக்கோங்கண்ணே" என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

"நீங்க விரலை உங்க பாக்கெட்ல வெச்சுக்கிட்டா நான் ஏன் கடிக்கப் போறேன்?" என்றாள் மைனா. குரல் நடுங்கியது. ஆனால் வந்துவிட்டது.

சூப்பர்வைசர் எல்லா முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "மடிக்கிற மேசைக்குப் போ" என்றார் அவளிடம். "ரோலர் பக்கம் உன் நிழல்கூடப் படக் கூடாது. ராத்திரி ஷிப்டும் கிடையாது. மத்தவங்க எழுந்திரிங்க, அரை நாள் போச்சு."

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. அவன் பாயைச் சுருட்டினான். தலைக்குக் கொடுத்த விரிப்பை இஸ்திரி அண்ணன் உதறிப் பார்த்து, "இது திரும்ப வெளுக்கணும்" என்று தொட்டியில் எறிந்தார். மைனா மடிக்கும் மேசையில் நின்று, பக்கத்தில் இருப்பவளிடம் எதையோ ஆரம்பித்திருந்தாள். அவன் வாசலைக் கடக்கும்போதும் அது முடிந்திருக்கவில்லை.

தெருவில் வெயில் ஏறியிருந்தது. பேருந்து நிறுத்தத்தின் பெஞ்சில் உட்கார்ந்தான். டீச்சர் போன் செய்தார்.

"என்ன ஆச்சு தம்பி?"

"வேலை இருக்கு. மடிக்கிற மேசையில."

"அப்பாடா. நீங்க எப்படி, விழுந்தீங்களா?"

"விழுந்தேன்."

"அடி கிடி படலையே? அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூடம் கேட்டிருக்காங்க. அதுக்குள்ள விழறதுக்கு ஒரு ஆள் பிடிச்சிடறேன், கவலைப்படாதீங்க."

பேருந்து தூரத்தில் வருவது தெரிந்தது. பையை மடியிலிருந்து எடுத்துத் தோளில் மாட்டினான்.

"பேசறதுக்கு ஆள் பாருங்க, டீச்சர்" என்றான். "நான் விழறேன்."