ரெண்டு நிமிஷம் என்று சொன்ன நர்ஸ்

இருபது வருஷம் வார்டில் ஓடிய நர்ஸ் நான். முட்டி தேய்ந்த பிறகு வேலையை மாற்றிக்கொண்டேன். இப்போது அமெரிக்காவின் இந்த ஈரி நகரத்தில், விபத்தில் அடிபட்டவர்களுக்காக வழக்காடும் வக்கீல் லைல் ஹான்ராஹனுக்கு ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்துச் சொல்கிறேன். லைலுக்குச் சட்டம் தலைகீழ்ப் பாடம். மண்ணீரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் முழிப்பான்.

பெட்டி பெட்டியாகக் காகிதம் வரும். தேதிவாரியாக அடுக்கி, கிறுக்கலைப் படித்து, எங்களுக்குச் சாதகமான பக்கத்தில் மஞ்சள் சீட்டும் பாதகமான பக்கத்தில் சிவப்புச் சீட்டும் ஒட்டுவேன். எனக்கு ஒரு வித்தை கைவந்திருந்தது. வார்டில் வேலை தலைக்கு மேல் போகும்போது நர்ஸ்கள் ஒரு காரியம் செய்வார்கள். நேரம் கிடைத்தபோதே அடுத்த இரண்டு மணி நேரத்துக்கும் சேர்த்து எழுதி வைத்துவிடுவார்கள். 'நோயாளி நலம், வலி இல்லை.' அதே நேரத்தில் அந்த ஆள் ஸ்கேன் அறையில் கிடந்திருப்பார். ஸ்கேன்காரர்களின் நேரச் சீட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். இப்படி நான்கு நர்ஸ்களைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். ஒருத்தி விசாரணை மேசையிலேயே அழுதாள். எனக்குத் துளிக்கூட இரக்கம் வரவில்லை.

டெல்மர் கோஸ்டெல்னிக் வழக்கு போன அக்டோபரில் வந்தது. அறுபத்து மூன்று வயது, பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்த்தவர். சிக்னலில் நின்றிருந்த அவர் காரை, மேசை நாற்காலி ஏற்றிவந்த லாரி ஒன்று பின்னால் வந்து நொறுக்கியது. அன்றிலிருந்து இடது பாதம் தூக்க வரவில்லை. அவர் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன்: குளியலறை மாடியில். தினமும் படியில் உட்கார்ந்து, மேல்படிகளுக்கு முதுகைக் காட்டியபடி ஒவ்வொரு படியாக ஏறுகிறார். மனைவி ஆர்லீன் அந்தக் காலைக் கையில் ஏந்திக்கொண்டு பின்னாலேயே ஏறுகிறாள். ஜெயித்தால் கீழே ஒரு குளியலறை கட்டலாம், கூடமாட உதவ ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம். எதிர்த்தரப்பு சொன்னது ஒன்றே ஒன்று: பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஏணியிலிருந்து விழுந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார், கால் அப்போதே போய்விட்டது, லாரி மேல் பழி போடாதே.

அந்தப் பழைய காகிதங்கள் பிப்ரவரியில்தான் வந்தன. அது நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி. அங்கே ஆயிரம் பேர் படுத்து எழுந்து போயிருப்பார்கள் என்று அலட்சியமாகத்தான் பிரித்தேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். நீல மை. 'மதியம் 2:00. இரண்டு கால்களிலும் பலம் நன்று. விரல்களில் உணர்ச்சி முழுமையாக உள்ளது.' கீழே 'என். கெஸ்லர்' என்று கையெழுத்து. அது என் கையெழுத்து; கெஸ்லர் என் முன்னாள் புருஷனின் குடும்பப் பெயர். அந்த ஆளோடு சேர்த்து அந்தப் பெயரையும் தலைமுழுகி வருஷங்களாகின்றன. லைலுக்கு அது தெரியாது.

என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த லைல் குதிக்காத குறை.

"நோரீன், இது தங்கம். கால் நல்லா இருந்துச்சுன்னு ஒரு நர்ஸே எழுதி வெச்சிருக்கா. மஞ்சச் சீட்டு ஒட்டுங்க, ரெண்டா ஒட்டுங்க."

ஒட்டினேன். அடுத்த பக்கத்தைப் புரட்டியதும் ஸ்கேன் அறைச் சீட்டு. வார்டை விட்டுக் கிளம்பியது 1:40. திரும்பியது 2:35.

இரண்டு மணிக்கு நான் யாருடைய காலையும் தொடவில்லை. அந்தப் படுக்கையில் ஆளே இல்லை.

அன்றைய அவர் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். அன்று பனி கொட்டியதால் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. பதினாறு படுக்கைக்கு நாங்கள் இரண்டு பேர். தரையில் போட்ட மருந்தின் வாசனைகூட நினைவிருக்கிறது. ஆனால் அந்தப் படுக்கையில் போர்வை மட்டும்தான் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. நாலு நாள் அந்தப் போர்வை என்னை விடவில்லை. பல் தேய்க்கும்போது இருந்தது. காரை நிறுத்தும்போது பின் இருக்கையில் இருந்தது. கடைக்குப் போகப் பால், முட்டை என்று எழுதினேன், அதே கையெழுத்து. சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு, ஒன்றும் வாங்காமல் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு என் கையைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எதிர்த்தரப்பிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள், அவள் கண்ணில் படாமலே போகலாம். டெல்மருக்குக் குளியலறை கிடைக்கும். என் பொய் ஒரு நல்ல மனிதனுக்கு உதவிவிட்டுப் போகட்டுமே என்றுகூட நினைத்தேன். அந்த அழுத நர்ஸின் ஞாபகம் வந்து என்னைப் பிடுங்கித் தின்றது.

ஐந்தாம் நாள் காலை லைலிடம் சொன்னேன். மஞ்சள் சீட்டை உரித்துவிட்டுச் சிவப்பை ஒட்டியபடியே சொன்னேன்.

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றான்.

"நாலு நாள் அதைத்தான் செஞ்சேன்."

"தெரிஞ்சப்புறம் இதை நான் ஜட்ஜ் முன்னாடி நீட்ட முடியாது. கேஸ்ல பாதி போச்சு. நாளைக்கு அவங்க உங்களையே சாட்சியா இழுப்பாங்க. இந்தக் கேஸ்ல இனிமே நீங்க இல்ல, நோரீன்."

"சரி."

"டெல்மர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிடுங்க. எனக்கு வாய் வராது."

மத்தியானமே போனேன். டெல்மர் அடுப்படி மேசையில் உட்கார்ந்து பெப்பரோனி இறைச்சி வைத்த ரொட்டி உருண்டை தின்றுகொண்டிருந்தார். இடது கால் ஒரு நாற்காலி மேல் கிடந்தது. ஆர்லீன் காப்பி ஊற்றினாள். நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். பெயர், இரண்டு மணி, ஆளில்லாத படுக்கை, பாதி போன வழக்கு.

டெல்மர் விரலைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும் நர்ஸம்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னைக்குக் காலைல கால் பெருவிரல் மரத்துட்டு வந்துச்சு. மணி அடிச்சேன். நீங்க கதவுகிட்ட நின்னு ரெண்டு விரலைக் காட்டி, 'ரெண்டு நிமிஷம், வந்து பாக்கறேன்'னீங்க. அப்புறம் வரல. டாக்டர் வந்தாரு, காகிதத்தைப் பாத்தாரு, கால் நல்லாருக்குன்னு வீட்டுக்கு அனுப்பிட்டாரு. நானும் நொண்டிக்கிட்டே பஸ்ஸு ரிப்பேர் பண்ணிட்டிருந்தேன். லாரி வந்து மிச்சத்தை முடிச்சுது."

"என்னை எப்படி அடையாளம் தெரிஞ்சுது?"

"அக்டோபர்ல மொத தடவ இங்க வந்தப்போ உங்களுக்கு போன் வந்துச்சு. ரெண்டு விரலைக் காட்டிட்டு வாசலுக்குப் போனீங்க. முகமெல்லாம் எனக்கு ஞாபகமில்ல. அந்தக் கைதான்."

"பதினாலு வருஷ ரெண்டு நிமிஷம்" என்றாள் ஆர்லீன், எனக்கு முதுகைக் காட்டியபடி. அவள் என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை.

"ஏன் இத்தனை நாளா சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா மறுபடி ஓடிடுவீங்கன்னுதான்" என்றார் டெல்மர். குனிந்து, இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக் காலை என் பக்கம் திருப்பி, காலுறையை உருவினார். "இப்பத்தான் வந்துட்டீங்களே. பாருங்க."

மண்டியிட்டேன். அந்தப் பாதம் குளிர்ந்திருந்தது. பெருவிரலை நுனியில் பிடித்து அழுத்தினேன், முறைப்படி, அன்றைக்குச் செய்திருக்க வேண்டிய மாதிரி.

"தெரியுதா?"

"இல்ல."

இன்னும் அழுத்தினேன். நகம் வெளுத்தது.

"இப்ப?"

"இல்ல நர்ஸம்மா" என்றார். "அன்னைக்குக் கொஞ்சம் தெரிஞ்சுது."