எண்ணெய்ப் பங்கு

இலட்சுமிப்பிள்ளை உரப்பையைக் கவிழ்த்தாள். கத்தரிக்காய்கள் அச்சகத்துச் சீமெந்துத் தரையெங்கும் உருண்டன. கடைசியாய்த் 'தொம்' என்று விழுந்தது ஒரு பிளாஸ்டிக் கலன்.

மண்ணெண்ணெய்!

கணக்குப்பிள்ளை வினாயகமூர்த்தி எழுந்துபோய் வாசற்கதவைச் சாத்தினான். "அக்கா, இதோடயா பட்டிருப்புப் பாலத்து ஆமிச் சென்றியத் தாண்டி வந்தீங்க?"

"ஓம் தம்பி. ஆமிக்காரன் மேல ரெண்டு காயத் தட்டிப் பார்த்திட்டு விட்டுட்டான். நீங்கதானே சொன்னீங்க, என்ர மனிசன்ர முப்பத்தொண்டாம் நாளுக்கு அடிக்கிற கல்வெட்டுக்கு எண்ணெய்ச் செலவுதான் கூட எண்டு. என்னட்டக் காசில்ல. அவர் தண்ணி இறைக்கிற மெசினுக்குச் சேர்த்து வெச்ச எண்ணெய் இரிக்கு. இதக் கழிச்சுக்கங்க."

மூர்த்தி கணக்குப் புத்தகத்தை மூடினான்.

போர் நடந்து, களுவாஞ்சிக்குடிக்குக் கரண்ட் வராத காலம் அது. அச்சகத்தின் பெரிய மெசின் ஜெனரேட்டரில்தான் ஓடும். இறந்தவர் நினைவாக அடிக்கும் கல்வெட்டுப் புத்தகமோ மூலையில் நிற்கும் கால்மெசினில் மிதித்து அடிப்பது. அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் வேண்டாம். தாள், மை, கூலியை அந்தந்த வேலையின் தலையில் எழுதிவிடலாம். எண்ணெய் பொதுச் செலவு. பெரிய மெசினை எந்த வேலை எவ்வளவு நேரம் ஓட்டியது என்று பார்த்துப் பங்கிடுவதுதான் நியாயம். ஆனால் பெரிய மெசினில் அடிக்கவேண்டிய ஒரு தொண்டு நிறுவனத்தின் கலண்டர் வேலைக்குப் போட்டி. விலையைக் குறைத்தால்தான் கிடைக்கும்.

"செத்த வீட்டுக்காரர் விலை பேசமாட்டாங்க, மூர்த்தி" என்று கண்ணைச் சிமிட்டினார் முதலாளி கனகசிங்கம்.

அவ்வளவுதான். மூர்த்தி எண்ணெயைக் கல்வெட்டையும் சேர்த்து வேலைக்கொரு பங்கென்று சமமாய்ப் பிரித்தான். கலண்டர் கைக்கு வந்தது. முதலாளி முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டு இப்போது சூடு போட்டதுபோல் எரிந்தது.

"அக்கா... உங்கட வேலைக்கு எண்ணெயே தேவையில்ல. காலால மிதிச்சு அடிக்கிறது. நான்தான் அநியாயமாப் போட்டன். இத எடுத்திட்டுப் போங்க. எண்ணெய்க் காசில்லாம அடிச்சுத் தாறன்."

திட்டு விழட்டும் என்று தலைகுனிந்து நின்றான். விழவில்லை. அவள் முகம் வெளுத்தது.

"திருப்பிக் கொண்டுபோறதா? வரக்குள்ள விட்டவன் போகக்குள்ள விடுவானா மனே? பாலத்துக்கு அங்கால, இயக்கத்துப் பக்கம் எண்ணெய் கொண்டுபோனா பிடிச்சு அடைச்சிருவானே!"

உள்ளிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "ஆ, எண்ணெய் வந்திட்டா? ஊத்துங்க, ஊத்துங்க! கலண்டர் பாதியில நிக்கிது."

மூர்த்தி சட்டைப் பையில் இருந்த காசை எல்லாம் வழித்து அவள் கையில் திணித்தான். "இந்த எண்ணெய் முழுசும் கலண்டர்ர தலையிலதான் எழுதுவன், முதலாளி. கல்வெட்டுக்கு இனி எண்ணெய்ப் பங்கில்ல."

"உனக்கென்ன விசரா? கலண்டர் நட்டத்திலயெல்லுவா போகும்!"

"போகட்டும்."

முதலாளியே கலனைத் தூக்கிப்போய் ஊற்றினார். ஜெனரேட்டர் உறுமியது. பல்ப் எரிந்தது. இலட்சுமிப்பிள்ளை அண்ணாந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நல்லா எரியிது, என்ன? அவர் தண்ணி கலக்காத எண்ணெயாப் பார்த்துத்தான் வாங்குவார்."

மூர்த்தி குனிந்து கத்தரிக்காய்களைப் பொறுக்கத் தொடங்கினான். எல்லாம் பொறுக்கி முடிந்த பிறகும் அவன் நிமிரவில்லை.