கயிறில்லாத மைதானம்

என் தங்கை றொசானா மைதானத்தின் ஒரு கரையில் நின்று கத்தினால் மறுகரையில் நிற்கிறவன் தன்னை அறியாமல் இரண்டடி பின்னுக்குப் போவான். அப்படியொரு குரல். எங்கள் பழைய மாணவர் சங்கத்துக் கிரிக்கெட் அணிக்கு நான்தான் தலைவன். ஸ்கோர் எழுதுகிறவர் என்னிடம் வந்து, "உங்கடை தங்கச்சியை ஒருக்கா இருக்கச் சொல்லுங்கோ, காது அடைக்குது" என்று எத்தனையோ முறை முறையிட்டிருக்கிறார். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். சொன்னால் கேட்கிறவளா அவள்?

அவள் கத்தியது முழுக்க ஒரே ஒருவனுக்காக. அவளுடைய கணவன் கொட்வின் எல்லைக் கயிற்றோரம் நிற்பவன். சிக்ஸருக்குப் போகிற பந்தைப் பாய்ந்து பிடிப்பான். கால் கயிற்றைத் தாண்டப்போகிறது என்றால் பந்தை உள்ளுக்குத் தூக்கிப் போட்டுவிட்டுத் தான் வெளியே விழுவான். பக்கத்தில் ஓடிவருகிறவன் அதை ஏந்திக்கொள்வான். பந்தோடு சேர்ந்து வெளியே விழுந்தால் பிடித்த பிடி வீண், எதிரணிக்கு ஆறு ஓட்டம். அண்ணாந்து பார்த்துக்கொண்டு ஓடுகிறவனுக்குக் கயிறு எங்கே கிடக்கிறது என்று தெரியாது. "கயிறு! கயிறு! உள்ளுக்கு எறியுங்கோ!" என்று றொசானா கத்துவாள். அவன் எறிவான். புருசனும் பெண்சாதியும் வீட்டில் எந்த விசயத்திலும் ஒத்துப்போனதை நான் கண்டதில்லை. மைதானத்தில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

பிறகு லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு சாப்பாட்டுக்கடை மாடியில் சங்கத்தின் கூட்டம் நடந்தது. கொத்துரொட்டி மேசைக்கு வருமுன்னரே தீர்மானம் நிறைவேறிவிட்டது: இனிமேல் நம் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் மட்டுமே அணியில் விளையாடலாம். கொட்வின் மன்னாரில் படித்தவன். அவனுடைய பள்ளிக்கூடத்துக்கு லண்டனில் சங்கமும் இல்லை, அணியும் இல்லை. படிப்பை விட்டு முப்பது வருடமாகியும் பள்ளிக்கூடத்தின் பெயரைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிகிற சனம் நாங்கள். நான் எதிர்த்துக் கை உயர்த்தினேன். வேறு ஒரு கையும் உயரவில்லை. பந்து பிடிக்கத் தெரியாத பழைய மாணவர்களை வைத்துக்கொண்டு அந்த வருடம் எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். நன்றாக வேண்டும் எங்களுக்கு.

றொசானா கொதித்துப்போனாள். தேவாலயத்தில் கமிட்டிக்காரரின் மனைவிமாரைக் கண்டால் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள். கொட்வினுக்கு வார நாட்களில் வெயார்ஹவுஸில் ஷிப்ட். சனி ஞாயிறில் சும்மா இருக்கப் பிடிக்காமல், பூங்காவில் விளையாடும் ஒரு பேஸ்போல் கழகத்துக்குப் புல் வெட்டவும் சுண்ணாம்புக் கோடு போடவும் போனான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஆள் குறைந்துவிட்டது. பயிற்சியாளர் பிரையன் என்ற அமெரிக்கர், புல் வெட்டுகிறவனைக் கூப்பிட்டு, "அங்கே தூரத்தில் போய் நின்றால் போதும்" என்றாராம். அந்தத் தூரத்துக்கே பந்து வந்தது. கொட்வின் வெறுங்கையால் பிடித்தான். கையுறை எங்கே என்று கேட்டபோது சிவந்துபோன இரண்டு கைகளையும் காட்டினானாம்.

அன்றிலிருந்து அவனைப் புல் மட்டும் வெட்ட விடவில்லை. இரண்டு கோடைக்குள் அந்த அணியில் அவனுக்கு நிகராகத் தூரத்தில் நின்று பிடிக்க ஆளில்லை என்றாகிவிட்டது. அடிக்கவும் பழகினான். அடித்தவுடன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும் என்பதுதான் அவனுக்குப் பிடிபட நாள் எடுத்தது. கிரிக்கெட்காரன் மட்டையை விடுவானா? அந்தக் கழகத்தில் பெரும்பாலானவர்கள் வங்கியிலும் வக்கீல் கந்தோரிலும் வேலை செய்துகொண்டு தங்கள் காசைக் கட்டி விளையாடுகிறவர்கள். வெளிநாட்டிலிருந்து கூப்பிட்ட இரண்டு பேருக்கு மட்டும் வீடும் நல்ல சம்பளமும். கொட்வினுக்குப் புல் வெட்டுகிற கூலியும் அதற்குமேல் ஏதோ கொஞ்சமும். ஆனால் வருடக் கடைசியில் சிறந்த வீரர் பரிசை அவனுக்குத்தான் கொடுத்தார்கள். வீடும் சம்பளமும் பெற்ற அந்த இரண்டு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

றொசானா அந்தப் பரிசளிப்புக்குப் போகவில்லை. ஆட்டம் பார்க்கவும் ஒருநாள்கூடப் போகவில்லை.

"புல்லு வெட்டுற இடத்திலை போய் நான் என்னத்தைப் பாக்க?" என்பாள். "ஓவர்டைம் செய்யிற நாளிலை உவர் போய் அவங்களுக்கு மலிவாய் உழைச்சுக் குடுக்கிறார். எங்கடை ஆக்கள் கழிச்சுவிட்ட ஆளெண்டு அவங்களுக்கும் தெரிஞ்சு போச்சுதாக்கும்."

"ஒருக்கா வந்து பாருமன் றொசி" என்று அவன் எத்தனை முறை கெஞ்சியிருப்பான். எனக்கு முன்னாலேயே கேட்டிருக்கிறான். அவள் அசையவில்லை.

நான் இடைக்கிடை போவேன். அங்கே ஆங்கிலத்தில் கத்துவார்கள், ஸ்பானிய மொழியில் கத்துவார்கள், ஒரு ஜப்பான்காரர் ஜப்பான் மொழியில் கத்துவார். ஆட்டம் முடிந்து கோடுகளுக்கு மேல் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றபோது கொட்வின் ஒருநாள் சொன்னான். "நல்லாய்ப் பிடிச்சால் எல்லாரும் கை தட்டுறாங்கள் மச்சான். ஆனால் எனக்கு ஒரு சத்தமும் கேக்காத மாதிரிக் கிடக்கு."

போன வருட ஆகஸ்டில்தான் அந்தச் செய்தி வந்தது. ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரின் பேஸ்போல் கழகம் அடுத்த கோடைக்கு ஒரு ஆளைத் தேடுகிறது. அவர்களுடைய ஆள் லண்டனுக்கு வந்து கொட்வினின் கழகம் ஆடும் இறுதியாட்டத்தைப் பார்ப்பார். ஆறு மாதத்துக்கு வீடு, சம்பளம், வேறு வேலையே இல்லை, விளையாட்டு மட்டும். சம்பளம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் கொட்வினுக்கு முப்பத்து நாலு வயது. இப்படி ஒரு கதவு அவனுக்கு இனித் திறக்கப்போவதில்லை.

"விளையாடுறவன் எண்டு எழுதிக் குடுப்பாங்கள் மச்சான்" என்றான் என்னிடம். "வெயார்ஹவுஸ் ஆள் எண்டில்லை, புல்லு வெட்டுறவன் எண்டில்லை. ஒரு வருசம் எண்டாலும் அப்பிடி இருந்து பாக்க வேணும்." அவன் தனக்கென்று எதையும் ஆசைப்பட்டுக் கேட்டு நான் கண்டது அதுதான் முதல் தரம்.

அந்த ஜெர்மன்காரர் குடும்பத்தையும் சந்திக்க விரும்புகிறார் என்று பிரையன் சொல்லியிருந்தார். றொசானா முதலில் முறைத்தாள். பிறகு இரண்டு நாள் யோசித்தாள். இறுதியாட்டத்தன்று காலையில் நான் அவர்களை ஏற்றப் போனபோது ஒரு பெரிய பெட்டி நிறைய றோல்ஸ் பொரித்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "ஜெர்மன்காரன் உறைப்பு சாப்பிடுவானோ அண்ணை?" என்று கேட்டாள். கொட்வின் காரில் வழிநெடுகச் சிரித்துக்கொண்டே வந்தான்.

ஆட்டம் தொடங்கியதும் அவள் அடக்கமாகத்தான் இருந்தாள். யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்; எனக்கே அரைகுறை. கொட்வின் இரண்டு பந்தைப் பிடித்தான், ஒரு பெரிய அடி அடித்தான். ஜெர்மன்காரர் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு றோல்ஸ் ஒன்றைக் கடித்தபடி அவனையே பார்த்தார். எதிரணியிலும் தூரத்தில் நிற்கிற ஒரு பொடியன் கெட்டிக்காரன். இரண்டு பேரில் ஒருவரைத்தான் எடுப்பார் என்று பிரையன் காதோடு சொன்னார்.

கடைசிக் கட்டம். கொட்வினின் அணி ஒரு ஓட்டத்தால் முன்னுக்கு நிற்கிறது. எதிரணியில் இன்னும் ஒருவரை வெளியேற்றினால் வெற்றி. ஆனால் அவர்களுடைய இரண்டு பேர் உள்ளே ஓடத் தயாராக நிற்கிறார்கள். பந்தை உயர அடித்தான் ஒருவன். கொட்வின் திரும்பி ஓடினான். பூங்கா மைதானம் என்பதால் எல்லையில் இடுப்பளவுக்குச் செம்மஞ்சள் வலை கட்டியிருந்தார்கள். அவன் பந்தையே பார்த்து ஓடினான், பாய்ந்தான், பந்து கையுறைக்குள் விழுந்தது. அவனுடைய தொடை வலையில் பட்டு உடம்பு அந்தப் பக்கம் சரிந்தது.

"கயிறு! கயிறு! உள்ளுக்கு எறியுங்கோ!"

றொசானா எழுந்து நின்று கத்தினாள். எத்தனையோ நாள் அடக்கிவைத்த தொண்டை. கொட்வின் எறிந்தான். விழுந்துகொண்டே பந்தைப் புல்லுக்குள் தூக்கிப் போட்டுவிட்டு வலைக்கு அப்பால் போய் விழுந்தான்.

நாங்கள் இரண்டு பேரும் துள்ளிக் குதித்தோம். நான் கிரிக்கெட் அணித் தலைவன். ஆறு ஓட்டத்தைக் காப்பாற்றிவிட்டான் என்றுதான் எனக்கும் பட்டது. "பாத்தியளே அண்ணை! பாத்தியளே!" என்று அவள் என் தோளைப் பிடித்து உலுப்பினாள். அந்த மைதானத்தில் அந்நேரம் சந்தோசப்பட்டவர்கள் எதிரணியும் நாங்களும்தான்.

பேஸ்போலில் பந்தைப் பிடித்து அடக்கியபின் அதோடு வெளியே விழுந்தாலும் பிடி பிடிதான். அவன் பந்தை வைத்துக்கொண்டு விழுந்திருந்தால் ஆட்டம் முடிந்திருக்கும். கையில் நின்றதா இல்லையா என்று தெரியுமுன்னரே எறிந்துவிட்டதால் பிடி இல்லை என்று நடுவர் இரண்டு கைகளையும் விரித்தார். பந்து புல்லில் உருண்டது. ஏந்துவதற்கு யார் வருவார்? பக்கத்தில் நின்றவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அதற்குள் எதிரணியின் இரண்டு பேரும் ஓடி முடித்துவிட்டார்கள், வெற்றி அவர்களுக்கு. வலைக்கு அப்பால் எழும்பிய கொட்வின் பந்தை யார் ஏந்தினார்கள் என்று தேடினான். பிறகு தன் கையுறையைப் பார்த்தான். தூரத்தில் நின்றாலும் அவனுக்கு எல்லாம் விளங்கியது எனக்குத் தெரிந்தது.

ஜெர்மன்காரர் மரியாதையான மனிதர். புறப்படுமுன் வந்து றொசானாவுக்குக் கை கொடுத்தார். "அருமையான கைகள்" என்றார். "ஆனால் அவர் இன்னும் கிரிக்கெட்தான் விளையாடுகிறார்." அதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்போதுதான் அவள் பிரையனிடம் என்ன நடந்தது என்று விசாரித்தாள். அவர் பாவம், விளக்கமாகச் சொன்னார். அவள் முகம் வெளிறியதை நான் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம்.

திரும்பி வரும்போது காரில் அவள்தான் கேட்டாள்.

"நான் கத்தினது கேட்டதே உங்களுக்கு?"

"எங்கை கேக்கிறது, அவ்வளவு தூரத்துக்கு?" என்றான் கொட்வின். "பழக்கதோசம். கை தானாய் எறிஞ்சிட்டுது."

"உண்மையாய்க் கேக்கேல்லையோ?"

"கேக்கேல்லை எண்டு சொல்லுறனெல்லே."

ஜெர்மனிக்கு மற்றப் பொடியனைத்தான் எடுத்தார்கள் என்ற செய்தி கிழமை முடியுமுன் வந்தது. நான் போன் எடுத்தேன். கொட்வின் ஷிப்டில் நிற்கிறேன், பிறகு கதைக்கிறேன் என்றான். பிறகு அவன் கதைக்கவில்லை.

இந்த வருடமும் அவன் அதே கழகத்தில்தான். அதே புல், அதே சுண்ணாம்பு, அதே கூலியும் கொஞ்சமும். கழகம் அவனை விட மறுக்கிறது. இந்த விலைக்கு இப்படி ஒருவனை எங்கே தேடுவது? றொசானா இப்போது ஒரு ஆட்டமும் தவறவிடுவதில்லை. மழை தூறினாலும் குடையோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். ஆட்டத்தின் சட்டமெல்லாம் பாடமாக்கிவிட்டாள், எனக்கே சொல்லித் தருகிறாள். ஆனால் வாய் திறப்பதில்லை. அவன் எவ்வளவு பெரிய பந்தைப் பிடித்தாலும் கைகளை மடியில் கோத்துக்கொண்டு அசையாமல் இருக்கிறாள்.

போன ஞாயிறு ஆட்டத்துக்கு முன் கோடு போட்டுக்கொண்டு நின்ற கொட்வின் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"மச்சான், அண்டைக்கு எனக்குக் கேட்டது" என்றான். "துல்லியமாய்க் கேட்டது. சட்டமும் எனக்குத் தெரியும். ஆனால் ரெண்டு வருசமாய்க் கேக்காத குரல். கேட்டவுடனை எறிஞ்சிட்டன். அவளுக்குச் சொன்னால் நொந்து போவாள் எண்டுதான் பொய் சொன்னனான்." சுண்ணாம்பு வண்டியை இரண்டடி தள்ளிவிட்டு நின்றான். "ஜெர்மனி போனால் போகட்டும். அது என்ரை ஆசை, எனக்குள்ளை கிடக்கட்டும். அவளை ஒருக்காக் கத்தச் சொல்லு மச்சான். நான் சொன்னால் கேக்கிறாளில்லை."

போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்கியது. கொட்வின் தூரத்தில் போய் நின்று, கையுறையை ஒருமுறை தட்டிவிட்டு, எங்கள் பக்கம் பார்த்தான். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஏதாவது கத்தன் பிள்ளை" என்றேன். "உன்ரை சத்தத்துக்குத்தான் அவன் நிக்கிறான்."

றொசானா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் அண்ணை" என்றாள் மெல்ல. "நான் கத்தினால் அவர் கையிலை இருக்கிறதைப் போட்டிடுவார்."