உறங்கப் பயந்தவர்

டொக்டர் பாலகிருஷ்ணன் சிறிய குப்பியின் கழுத்தை உடைத்து, உள்ளிருந்ததைத் தண்ணீர்க் கோப்பைக்குள் ஊற்றினார். றோசலின் யன்னல் சீலையை இழுத்து மூடினாள். எதிர்வீட்டில் யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் இன்னொரு தரம் இழுத்துவிட்டாள்.

“இது பிடிபட்டா எங்கட அகதிக் கேசு என்னாகும், டொக்டர்?”

“பிடிபட்டா முதல்ல நான்தாம்மா உள்ள போவேன்.”

சாகப்போகும் நோயாளிகளின் பயத்தைத் தணிக்க ஒருகாலம் எல்.எஸ்.டி. என்ற மாயத்தோற்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்த மனநல வைத்தியர்களில் அவரும் ஒருவர். பிறகு சட்டம் அதைத் தடைசெய்துவிட்டது. அகதிகள் நிறைந்த பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் வயிற்றுப் புற்றுநோயோடு ஒரு மட்டக்களப்புக்காரர் உறங்க மறுத்துக் கிடக்கிறார் என்று, வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி செலீன்தான் அவரிடம் சொன்னாள். றோசலினின் கணவன் குலேந்திரனின் நோவுக்கு மோர்பின் இருந்தது. கண்ணை மூடினால் ஊரில் இராணுவ முகாமில் அடித்தவர்கள் வந்து நிற்பதற்கு மருந்து இருக்கவில்லை.

“இது உங்களை அங்கேயே கொண்டுபோய் விட்டுட்டா?” என்றாள் றோசலின் கணவனிடம்.

“இப்பிடியே செத்தா அவனுகள்ற கையிலதான் சாவன், றோசலின். தா.”

கோப்பையை அவளே பிடித்துப் பருக்கினாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவன் உடம்பு வியர்வையில் நனைந்தது. சுவர் மூச்சு விடுகிறது என்றான். திடீரென்று கால்களை மடக்கி, தலையைக் கைகளால் பொத்திக்கொண்டான்.

“வாறானுகள்! வாறானுகள்!”

“வரட்டும்,” என்றார் டொக்டர். “ஓடாதீங்க. நாங்க இங்கதான் இருக்கோம்.”

“நிப்பாட்டுங்க, டொக்டர்!”

“நிறுத்த முடியாதும்மா. கூட இருக்கத்தான் முடியும்.”

அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

றோசலின் சங்கிலியை விடாமல் எட்டிப் பார்த்தாள். நீலச் சீருடை. இடுப்பில் தடித்த பட்டி, கையில் டோர்ச். பொலிஸ் என்றே நினைத்தாள். “போன்ஜூர், மதாம்,” என்றவன் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினான். காஸ் மீற்றர். மறித்தால் சந்தேகப்படுவானோ என்று கதவைத் திறந்தாள். கட்டிலைத் தாண்டித்தான் சமையலறைக்குப் போகவேண்டும். டொக்டரின் கை வெற்றுக் குப்பியைப் பொத்திக்கொண்டது.

குலேந்திரன் சப்பாத்தைப் பார்த்தான். சீருடையைப் பார்த்தான். முகத்தை வெகுநேரம் பார்த்தான்.

“ஆரிது?”

“மீற்றர் பாக்க வந்தவர்.”

“மூக்கெல்லாம் சிவந்துபோய்க் கிடக்கு,” என்றான் மெல்ல. “குளிருக்குள்ள வந்திருக்கார். தேத்தண்ணி குடு.”

வந்தவனுக்கு அது விளங்கவில்லை. மீற்றரைப் பார்த்துவிட்டு, “மெர்சி” என்று நன்றி சொல்லிப் போய்விட்டான். றோசலின் கதவோடு சாய்ந்து நிலத்தில் இருந்துவிட்டாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது அவன் அவள் கையைத் தேடினான்.

“எல்லாரும் வந்தாங்க.”

“ஆரு?”

“மறுகா சொல்றன்,” என்று கண்களை மூடினான்.

இத்தனை நாள் அவள் ஏங்கிய உறக்கம். இப்போது அதைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. அடிக்கடி அவன் மூக்கருகில் விரலை வைத்தாள். மூச்சுகளுக்கு இடையில் தூரம் கூடிக்கொண்டே போனது. பிறகு அடுத்த மூச்சு வரவேயில்லை.

“மருந்தாலயா, டொக்டர்?”

“இல்லம்மா. நோய்தான். இன்னிக்கோ நாளைக்கோன்னு செலீனே சொல்லியிருந்தாங்க.” சொன்னவர் வெற்றுக் குப்பியைக் கோட்டுப் பைக்குள் திணித்தார்.

றோசலின் கோப்பையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். திரும்பவும் கழுவினாள்.

செலீன் வந்து நாடி பார்த்தாள். அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துக் காட்டி, உறங்கினாரா என்று கேட்டாள். றோசலின் தலையாட்டினாள். ஈரம் சொட்டும் கோப்பையையும் டொக்டரையும் பார்த்த செலீன் வேறெதுவும் கேட்கவில்லை.

பிரேதம் எடுக்க வந்த இருவர் அவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். வெளியே இரும்புப் படிகளில் பனி உறைந்து வழுக்கலாய் மினுங்கியது.

“பொறுங்க!” என்று தமிழிலேயே கத்தினாள் றோசலின். சமையலறை உப்புப் போத்தலோடு ஓடிவந்து, அவர்களுக்கு முன்னால் குனிந்து, பனி கரைய ஒவ்வொரு படியாக உப்பைத் தூவிக்கொண்டு இறங்கினாள்.